மஞ்சள் காய்ச்சல் ஊசி: ஊசிக்கு முழு மார்க், மையத்துக்குப் பாதி

கென்யாவில் வேலை கிடைத்ததால், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான இந்த ஊசி கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போகணும் என்பதால் வண்ணார்பேட்டையில் விடியக்காலையிலேயே பஸ் ஏறினேன்.

மையத்தில் உட்காரக்கூட இடமில்லை, டோக்கன் குழப்பம் வேறு. ஆனால் குறிப்பிட்ட நாளில் மட்டும் கூட்டமாக வரச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து, கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்கணும், மிச்சம் குப்பைக்குத்தான்.

நர்ஸம்மா நல்ல மாதிரி. "அண்ணாச்சி, முட்டை ஒத்துக்குமா?" என்றுதான் ஆரம்பித்தார். ஊசியில் இருக்கும் 17டி என்ற வைரஸை முட்டைக்குள் உள்ள கோழிக்கருவில்தான் வளர்க்கிறார்கள். 1930களில் மேக்ஸ் டெய்லர் குழு திசுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்தே அதன் வீரியத்தைக் குறைத்தது, 1951இல் அவருக்கு நோபலும் கிடைத்தது. உயிருள்ள வைரஸ் என்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் போடுவதில்லை, கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எனக்கு லேசான உடம்புவலி, அவ்வளவுதான். ஒரே ஊசி, ஆயுசுக்கும் செல்லும்.

அதேபோல் கொசுவால் பரவி நம்மூரை வாட்டும் டெங்குவுக்கு இந்த ஊசி உதவாது. அதில் நான்கு வகை, நான்கையும் ஒரே ஊசியில் அடக்கணும். மரபணுவில் சிறு துண்டை நீக்கிப் பலவீனமாக்கிய டெங்கிஆல் ஊசிக்கு 2024இல் இந்தியாவில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும், டிக்கெட்டை அதற்கேற்றாற்போல் போடுங்கள்.