எல்லோரிடமும் கேட்பதா, 400 பேரை விடாமல் கேட்பதா?

ஒரு நூலகத்தின் வாசிப்பறையை இரவிலும் திறந்து வைக்கலாமா என்று உறுப்பினர்களிடம் கேட்டறியும் பொறுப்பு எனக்கும் வேறு இருவருக்கும் வந்தபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. படிவத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, விருப்பமுள்ளவர்கள் நிரப்பட்டும் என்று காத்திருப்பது ஒன்று. பதிவேட்டிலிருந்து சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல்போல, 400 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களில் எவரையும் விடாமல் பதில் வாங்குவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்னொரு முறை வாய்த்தாலும் அதையே தேர்வேன்.

திறந்த படிவத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: செலவு குறைவு, பதில்கள் விரைவில் குவியும், எங்களைக் கேட்கவில்லையே என்ற மனக்குறை யாருக்கும் எழாது. இரண்டாவது வழியான மாதிரிக் கணிப்புக்கோ முழுமையான பட்டியலும் பொறுமையும் ஆள்பலமும் தேவை. கேள்வியைச் சாய்வாக அமைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே கெடும் என்பதால், அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. முழுமைத்தொகுதி எது, அதாவது யார் யாருடைய கருத்தை அறிய விரும்புகிறோம் என்பதை வரையறுப்பதும் இரண்டுக்கும் பொது. சந்தா புதுப்பிக்காதவர் உறுப்பினரா இல்லையா என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். பட்டியலிலேயே இல்லாதவரை எந்த முறையாலும் எட்ட முடியாது.

எண்ணிக்கை மிகுந்தால் நம்பகம் மிகும் என்ற எண்ணந்தான் திறந்த படிவத்தின் பக்கம் பலரை இழுக்கிறது. சமவாய்ப்பு முறையில் எடுத்த 400 பேரின் முடிவில், 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில், பிழை வரம்பு ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள்; அதாவது இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால், ஏறத்தாழ 95 முறை விடை உண்மையிலிருந்து அந்த அளவுக்குள் இருக்கும். 1,500 பேரானால் இரண்டரைப் புள்ளிகள். ஆனால் தாமாக முன்வந்த 1,500 பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் அவர்களைத் தேர்ந்தெடுத்தது வாய்ப்பு அல்ல, அவர்களுடைய அக்கறை.

1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ 1 கோடிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரிகளை எடுத்ததே பிழைக்குக் காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை. தேர்தலுக்கு அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு கணிப்பின் தரவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களிடையே ரூஸ்வெல்ட்டுக்கான ஆதரவு மிகுதியாக இருந்தது தெரியவந்தது. மௌனமாக இருந்தவர்களின் மனம் பேசியவர்களின் மனத்திலிருந்து வேறுபட்டிருந்தது.

என் தீர்மானம் முழுவதும் இந்த ஒரு காரணத்தின் மேல்தான் நிற்கிறது, அது பதிலின்மை: கேட்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பதில் தராமல் போவது. சமவாய்ப்பில் பெயர்களை எடுத்துவிட்டாலே, விடை ஒரு பக்கம் சாயும் சார்பு நீங்கிவிடும் என்று நாங்களும் முதலில் நம்பினோம். அப்படி நீங்குவதில்லை என்பதைக் கற்பனையான ஒரு கணக்கு காட்டும். 400 பேரில் 160 பேர் உடனே பதில் அனுப்புகிறார்கள். அவர்களில் 112 பேர், அதாவது 70 சதவீதம், நேரத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள். பதில் தராத 240 பேரில் 30 சதவீதம் பேர் மட்டுமே அதை விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள படிவங்கள் 70 என்று சொல்ல, உண்மை நிலை 46 ஆக இருக்கும். முதல் கட்டப் பதில்களோடு நின்றுவிட்டால் பெரும்பான்மையே தலைகீழாகிவிடுகிறது. மாதிரியின் அளவை இரட்டிப்பாக்கினாலும் இந்தப் பிழை குறையாது. அதே பிழைதான் இன்னும் துல்லியமான எண் போலத் தோற்றமளிக்கும்.

இதற்குப் புள்ளியியலாளர்கள் மாரிஸ் ஹான்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் 1946இல் ஒரு வழி வகுத்துத் தந்தார்கள். பதில் தராதவர்களிலிருந்து மறுபடியும் சமவாய்ப்பில் ஒரு பகுதியினரை எடுத்து, அவர்களை நேரில் தேடிச் சென்று கேட்பதே அந்த வழி. மேற்சொன்ன கணக்கில் 240 பேரில் 80 பேரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரின் பதிலையும் மூன்றாகக் கணக்கிட்டால், 46 சதவீதத்தை ஒட்டிய விடை கிடைத்துவிடும். எல்லோரையும் துரத்த வேண்டியதில்லை. ஆனால் எடுத்த 80 பேரை விட்டுவிடக் கூடாது.

எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. யாரை எந்த நாளில், எந்த வேளையில் அழைத்தோம் என்று பெயருக்கு நேரே குறித்துக்கொண்டு, வேளையை மாற்றி மாற்றி அழைத்தோம். மூன்றாவது அழைப்பில் கிடைத்த ஒரு அம்மா, “நான் அங்க வந்தே ஒரு வருஷம் ஆச்சுங்க, என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?” என்றார். அவரிடம் கேட்பதற்காகத்தான் அத்தனை முறை அழைத்தோம். திறந்த படிவத்தை அவர் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வாசிப்பறைக்கு வராதவர்களின் காரணம் அந்த வழியில் எங்கள் கைக்கு வந்தே இருக்காது.

வயது, பாலினம் என்று பங்கு வகுத்து, அந்தப் பங்கு நிரம்பும்வரை கிடைத்தவர்களைக் கேட்கும் ஒதுக்கீட்டு முறையும் உண்டு. ஒவ்வொரு பங்குக்குள்ளும் யாரைக் கேட்பது என்பது கேட்பவரின் வசதிக்கு விடப்படுவதுதான் அதன் குறை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில், வென்ற ட்ரூமன் தோற்பார் என்று சொன்ன முன்னணிக் கணிப்புகள் இந்த முறையைக் கையாண்டவை. கணிப்பைத் தேர்தலுக்கு வெகு முன்பே நிறுத்திக்கொண்டதும் அவற்றின் பிழைக்கு ஒரு காரணம்.

பட்டியலே இல்லாத இடத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே என் தேர்வு எவ்வளவு தாங்கும் என்று உறுதி சொல்லத் தயங்குகிறேன். திறந்த படிவத்துக்கும் ஓர் இடம் உண்டு. எத்தனை பேர் என்று அறிய அது உதவாது. என்னென்ன குறைகள் இருக்கின்றன என்று அறிய நன்றாக உதவும்.

கடைசிவரை அகப்படாதவர்களை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மேற்சொன்ன கற்பனைக் கணக்கின் 80 பேரில் 10 பேர் கிடைக்கவில்லை, கிடைத்த 70 பேரில் 21 பேர் நீட்டிக்கச் சொன்னார்கள் என்று கொண்டால், விடுபட்டவர்கள் எல்லோரும் மறுத்தால் விடை 43.75 சதவீதம், எல்லோரும் ஆதரித்தால் 51.25 சதவீதம். பாதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே சொல்ல முடியாது. அந்தப் பத்தில் இன்னும் 5 பேரைப் பிடித்து, அவர்களில் ஒருவர் ஆதரித்தால், வரம்பு 44.5க்கும் 48.25க்கும் இடையே சுருங்கிவிடும். எல்லோரையும் கேட்காமல் ஒரு பகுதியினரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழை இதற்கு மேல் தனி. எங்கள் கணிப்பிலும் இப்படி வரும் இரண்டு எல்லைகளையும் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்று நான் நின்றேன். ஒற்றை எண்ணின் கீழே, அதே அளவு எழுத்தில், அவற்றையும் அச்சிட்டோம்.