ஜயானா, கேப்பிட்டல் ரீஃபா? அறுபதைத் தாண்டியவர்கள் எங்கே கூடாரம் அடிக்கலாம்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனப் பக்கம் கிளம்புகிறோம் என்றாலே எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஜயான் தேசியப் பூங்கா. ஆனால் ஓய்வுபெற்ற தம்பதி, கூடாரத்தில் தங்கி, தினம் இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் போதும் என்றால், என் ஓட்டு அதே மாநிலத்தின் இன்னொரு தேசியப் பூங்காவான கேப்பிட்டல் ரீஃபுக்குத்தான்.

ஜயானின் அழகைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேல் கூட்டம். சீசனில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டி கூடாது, ஷட்டில் பஸ்தான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறைக்குன்றில் ஏற 2022 முதல் குலுக்கலில் பர்மிட். கிடைத்தாலும் சங்கிலியைப் பிடித்து ஏறும் அந்த முகடு முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. நேரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்கணும், காலடியில் வழுக்கும் உருண்டைக் கற்கள். மிஞ்சுவது ரிவர்சைடு வாக் மாதிரி சிமென்ட் பாதைகள். இதமானவைதான், ஆனால் தனியாக நடக்க முடியாது.

கேப்பிட்டல் ரீஃபின் ஃப்ரூட்டா முகாமில் 71 இடங்கள்தான். சுற்றிலும் 1880களில் குடியேறிய மார்மன் என்ற மதப்பிரிவினர் தொடங்கிய பழத்தோட்டங்கள். ஜூனில் செர்ரி, செப்டம்பரில் ஆப்பிள். தோட்டத்திலேயே நின்று தின்றால் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனால் அங்கேயே தராசில் நிறுத்து, பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். பறிக்க ஏணியும் கொக்கியும் வைத்திருப்பார்கள். சாயங்காலம் மான்கள் கூடாரங்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டு போகும். நடைக்கும் குறைவில்லை. ஹிக்மன் பாலம் போய்வர 3 கிலோமீட்டர், ஏற்றம் 400 அடி. மேலே 133 அடி அகலத்தில் இயற்கையே கட்டிய கல்வளைவு. ஏற்றமே வேண்டாமென்றால் கிராண்ட் வாஷ். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு இடையே காய்ந்த ஓடைப்படுகை. மேகம் கறுத்திருந்தால் மட்டும் இறங்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் ஜயான் ஜெயிக்கிறது. அங்குள்ள வாட்ச்மேன் முகாமில் மின்இணைப்புள்ள இடங்கள் உண்டு. தூங்கும்போது மூச்சுக்கருவி வைத்துக்கொள்பவர்களுக்கு அது பெரிய விஷயம். பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேல் கடைகளுக்கும் நடந்தே போகலாம். ஃப்ரூட்டாவில் மின்சாரம் கிடையாது, கடைக்கு 18 கிலோமீட்டர் தள்ளி டோரி என்ற ஊருக்குப் போக வேண்டும். குளியலறை இரண்டிலுமே இல்லை.

62 வயதான அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் 80 டாலரில் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள் பாஸ் உண்டு. அதைக் காட்டினால் இரு முகாம்களிலும் வாடகை பாதி. ஆனால் முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறந்துவிடும், அசந்தால் இடம் போச்சு.

ஜயானை விட மனசில்லையா? லாஸ் வேகஸிலிருந்து வரும் வழியில் ஒரு நாள் அங்கே தங்கிவிட்டு, ஹைவே 12 பிடித்து கேப்பிட்டல் ரீஃபுக்கு வாருங்கள். அந்தச் சாலை ஏறிக் கடக்கும் போல்டர் மலையை மட்டும் இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். ராத்திரியில் மானும் மாடும் ரோட்டில் நிற்கும்.