பொம்பெய்க்குப் போக இரண்டு வழி

வெசூவியஸ் எரிமலை வெடிக்கப்போகிறது என்பது புத்தகத்தை எடுக்கும்போதே தெரியும். முடிவு தெரிந்த கதையை எப்படி நகர்த்துவது? கி.பி. 79-இல் அந்த வெடிப்பில் அழிந்த ரோமானிய நகரம் பொம்பெயைப் பற்றிய இரண்டு ஆங்கில நாவல்கள் இதற்கு நேரெதிர் வழிகளில் போகின்றன.

எட்வர்ட் புல்வர்-லிட்டனின் 'பொம்பெயின் கடைசி நாட்கள்' (1834) மலையைக் கடைசிக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. அதுவரை நாயகன் கிளாக்கஸின் காதல், எகிப்திய வில்லன் அர்பாசிஸின் சூழ்ச்சி, நடுவில் ஒரு சூனியக்காரி. கிளாக்கஸை அரங்கில் சிங்கத்தின் முன் நிறுத்தும் அதே வேளையில் மலை வெடிக்கிறது. பழைய படங்களில் தாலி கட்டப்போகும் நேரத்தில் போலீஸ் வருமே, அந்த மாதிரி!

ராபர்ட் ஹாரிஸின் 'பொம்பெய்' (2003) தண்ணீரில் தொடங்குகிறது. நாயகன் அட்டிலியஸ் நீர்க்கால்வாயைப் பராமரிக்கும் பொறியாளன். வெடிப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பணக்காரரின் குளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரில் கந்தக வாடை. பிறகு வரத்தே நின்றுபோகிறது. உடைப்பு எங்கே என்று அவன் தேடிப் போகும் பாதை மலையடிவாரத்துக்குத்தான் போகிறது. அவனுக்கு அது வெறும் கால்வாய்ப் பிரச்சினை. நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வெடித்த பிறகும் ஹாரிஸ் அவசரப்படுவதில்லை. நுரைக்கல் மழை மணிக்கணக்கில் கொட்டுகிறது, பாரம் தாங்காமல் கூரைகள் விழுகின்றன, மறுநாள் காலையில் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் அலையாக உருண்டு வருகின்றன. இன்றைய எரிமலையியல் சொல்லும் வரிசையும் இதுதான். லிட்டன் காலத்தில் அந்த அறிவு கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: ஹாரிஸின் கதை முழுக்க ஆகஸ்ட் வெயில் காய்கிறது. 2018-இல் பொம்பெயில் ஒரு சுவரில் கிடைத்த கரிக்கிறுக்கல், வெடிப்பு அக்டோபரில் நடந்திருக்கலாம் என்று சுட்டுவதால், அந்த வெயில் இப்போது கொஞ்சம் இடிக்கிறது.

ஆனால் நிடியா மாதிரி ஒருத்தி ஹாரிஸிடம் இல்லை. லிட்டன் படைத்த, பூ விற்கும் பார்வையற்ற அடிமைப்பெண். சாம்பல் பகலை விழுங்கியதும் கண்ணுள்ளவர்கள் எல்லாம் சுவரைத் தடவித் திண்டாடுகிறார்கள். அவளுக்கோ அந்தத் தெருக்கள் என்றுமே இருட்டுதான். கிளாக்கஸையும் அவன் காதலியையும் கடற்கரைக்கு நடத்திப் போகிறவள் அவள். ஹாரிஸின் நாயகி கொரேலியா என் மனதில் நிற்கவே இல்லை.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஹாரிஸ். லிட்டனை எடுத்தால் அரங்கக் காட்சியிலிருந்தே தொடங்கலாம், குற்றமில்லை.