பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு 30 லிட்டர் ஓவன்

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் சிறிய மின் ஓவன்களின் பெட்டியில் பொன்னிறமான ரொட்டியும் மூன்றடுக்குக் கேக்கும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் படங்களைப் பார்த்தால் இனிமேல் பேக்கரிப் பக்கமே போக வேண்டியதில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். 30 லிட்டர் கொள்ளளவும் 1500 வாட் திறனும் கொண்ட, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக வெப்பக் கம்பிகள் உள்ள அப்படியோர் ஓவனை நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. நல்ல பேக்கரியும், செலவு பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய எளிய உணவகமும் அருகில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஓவன் அதிகம் பயன்படும். அங்கே வாங்கி வந்ததன் சுவையை இது மீட்டுத் தருகிறது. அங்கே கிடைக்காத சில எளிய வீட்டுச் சமையலை நன்றாகச் செய்கிறது. பேக்கரியின் வேலையையே செய்யச் சொன்னால்தான் திணறுகிறது.

திணறுவதற்குக் காரணம் உண்டு. கைத்திறனோடு ரொட்டி சுடும் பேக்கரிகளில் உள்ள அடுக்கு ஓவன்களுக்குக் கனமான கல்தரை இருக்கும். மாவு உருண்டையை அதன்மேல் வைத்த கணமே, கல்லில் தேங்கியிருந்த வெப்பம் அடியிலிருந்து ஏறத் தொடங்கும். அதே நேரத்தில் உள்ளே நீராவியும் செலுத்தப்படும். நீராவி மாவின் மேற்பரப்பை ஈரமாகவும் நெகிழ்வாகவும் வைத்திருப்பதால், உள்ளிருக்கும் வாயு விரியும்போது மேல்தோல் முன்கூட்டியே இறுகித் தடுக்காமல் ரொட்டி நன்றாக எழும்பும். மாவின் உட்புறம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஈஸ்ட் செத்துவிடுகிறது. அதை ஒட்டியே மாவுச்சத்தும் நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டிப்படத் தொடங்குகிறது. ஆகவே ரொட்டி எழும்புவதற்குக் கிடைப்பது முதல் சில நிமிடங்கள் மட்டுமே. சிறிய ஓவனின் சுவரோ மெல்லிய தகடு. கதவைத் திறந்து மாவை வைத்து மூடுவதற்குள் சூடான காற்றில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. நீராவியும் இடுக்குகள் வழியே போய்விடுகிறது.

இதைச் சமாளிக்கக் கனமான மூடியுள்ள வார்ப்பிரும்புப் பாத்திரம் ஒன்று வேண்டும். அதை ஓவனுக்குள் வைத்தே அரை மணி நேரம் காயவிட்டு, மாவை அதில் இட்டு மூடினால், மாவிலிருந்து எழும் ஆவியே உள்ளே தங்கி, பேக்கரியில் நீராவி செய்யும் வேலையைச் செய்துவிடும். பாதி நேரம் கழிந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அது காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போன பிறகே புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் ரொட்டிக்கே உரிய மணத்தையும் தரும். நான் 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உடனடி ஈஸ்ட் என்ற அளவைப் பின்பற்றுகிறேன். மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு விழுக்காடாகச் சொல்லும் பேக்கரிக் கணக்கில் இது தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1 ஆகும். நடுப்பகுதி 95 டிகிரியைத் தொட்டால் ரொட்டி வெந்துவிட்டது என்று பொருள். இவ்வளவும் செய்து கிடைக்கும் ரொட்டி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான் சுட முடியும்; பாத்திரமும் மேல்கம்பியில் முட்டாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். வாரந்தோறும் இதைச் செய்வதற்கான பொறுமை எல்லோருக்கும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, எனக்கும் இல்லை.

வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய குறை உண்டு. குமிழை 200-இல் நிறுத்தினால், உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 175-க்கும் 220-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. இத்தகைய ஓவன்களில் சூடேறியதும் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் ஈருலோகத் தகடுதான் கட்டுப்பாட்டுக் கருவி என்பதால், ஓரளவு ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவன் தயாராகிவிட்டது என்று அறிவிக்கும் விளக்கு மிகவும் அவசரப்படுகிறது. உள்ளே காற்று மட்டும் சூடாகி, தகடுகளும் தட்டும் இன்னும் காயாமல் இருக்கும்போதே அது அணைந்துவிடுகிறது. விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் காத்திருப்பது நல்லது. தனியாக ஒரு வெப்பமானி வாங்கித் தொங்கவிடாமல் இந்த ஓவனில் எதையும் நம்பிச் சுட முடியாது. கூடவே வரும் சமையல் குறிப்புப் புத்தகத்தில் கண்ட நேரங்கள் எந்த ஓவனுக்காக எழுதப்பட்டவை என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்.

வாங்கி வந்த ரொட்டியைப் புதுப்பிக்கும்போது இதே ஓவன் வேறொரு கருவியாகிவிடுகிறது. ரொட்டி பழசாவது ஈரம் வற்றுவதால் மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். சுடும்போது இளகிய மாவுச்சத்து, ஆறிய பின் மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுவதே முதன்மையான காரணம். இந்த இறுக்கம் குளிர்சாதனப் பெட்டியின் (பிரிட்ஜின்) உறையவைக்காத பகுதியில் நிலவும் குளிரில்தான் மிக விரைவாக நடக்கும். ஆகவே பிரிட்ஜில் வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைக் காட்டிலும் சீக்கிரம் பழசாகிவிடும். உறைநிலை அறையில், மைனஸ் 18 டிகிரியில், அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இறுகிய மாவுச்சத்தை 60 டிகிரிக்கு மேல் மீண்டும் சூடாக்கினால் பெருமளவு இளகிவிடும் என்பதுதான் இதில் நமக்குக் கிடைத்திருக்கும் சலுகை.

எனவே பேக்கரியில் ரொட்டியைத் துண்டு போடாமல் முழுதாகக் கேட்டு வாங்குவதே நல்லது. அன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மீதியை இரண்டு மூன்று பெரிய பகுதிகளாக வெட்டிக் காற்றுப் புகாதபடி கட்டி உறையவைக்கலாம். வேண்டும்போது எடுத்து, உறைபனி இளகிய பிறகு, மேல்தோலில் கையால் சிறிது தண்ணீர் தெளித்து, 180 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் கம்பி வலைமேல் வைத்தால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக, கடையில் வாங்கிய வேளைக்கு மிக அருகில் வந்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கிய ரொட்டி முதலில் துவண்டு, அடுத்த சில நிமிடங்களில் ரப்பர் போல இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஒன்றே ஓவன் வாங்கப் போதிய காரணமாகப் படும். ஒரு முறை இப்படிப் புதுப்பித்த ரொட்டி மறுபடி விரைவாகவே இறுகும் என்பதால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இந்தப் பழக்கம் வந்த பிறகு பேக்கரிக்குப் போவது குறையவில்லை. எந்த ரொட்டியை வாங்குவது என்று யோசித்து வாங்குவது கூடியிருக்கிறது. அடர்த்தியான, கனத்த தோல் கொண்ட ரொட்டிகளே இந்த முறைக்குச் சிறப்பாக ஒத்துவருகின்றன.

உணவகத்திலிருந்து கட்டி வந்த பொரித்த பண்டங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். பொட்டலத்துக்குள் ஆவி அடைந்து நமுத்துப்போனவற்றைத் தட்டில் பரப்பாமல், இருபுறமும் காற்றுப் படும்படி கம்பி வலைமேல் வைத்து, 190 டிகிரியில் ஆறேழு நிமிடம் விட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடுகிறது. எண்ணெய் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

சிலவற்றைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது நலம். நேப்பிள்ஸ் முறைப் பீட்சா 400 டிகிரியைத் தாண்டிய விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். 250 டிகிரியோடு நின்றுவிடும் இந்த ஓவனில் அதே மாவு பத்து நிமிடத்துக்கு மேல் கிடந்து காய்ந்துபோகிறது. குரோசான் செய்ய வெண்ணெயை உள்ளே வைத்து மூன்றாக மடிக்கும் வேலையை மூன்று முறை செய்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகும். சமையலறை சற்றே வெப்பமாக இருந்தாலும் அந்த அடுக்குகள் இளகி ஒன்றாகிவிடும். குளிரூட்டிய மேசையும் பழகிய கையும் உள்ளவர்கள் அதைச் செய்யட்டும்.

அன்றாடச் சமையலில் இந்த ஓவனை நான் விரும்புவதற்குக் காரணம், அது கவனிப்பைக் கேட்பதில்லை என்பதே. உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, ஓரங்கள் லேசாகச் சிதையும்படி குலுக்கி, எண்ணெய் தடவி 200 டிகிரியில் நாற்பது நிமிடம் விட்டால், சிதைந்த அந்த ஓரங்களே தனி மொறுமொறுப்பைத் தருகின்றன. தட்டில் துண்டுகளை நெருக்கிப் போட்டால் அவை தம் ஆவியிலேயே வெந்து குழைந்துவிடும்; இடைவெளி விடுவதற்காக இரண்டு தடவையாகச் செய்வதே மேல். தோலுரிக்காத முழு வெங்காயத்தை ஒரு மணி நேரம் உள்ளே வைத்தால் உள்ளிருப்பது இனித்துக் கூழாகிவிடுகிறது. பாதியாக வெட்டிய தக்காளியை 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வாடவிட்டால், அதன் புளிப்பும் இனிப்பும் செறிந்து, பேக்கரி ரொட்டியின் ஒரு துண்டோடு அதுவே ஒரு வேளை உணவாகிவிடும். அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டிருக்கும் வேலை இவற்றில் எதிலும் இல்லை.

மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றைச் சம எடையில் சேர்க்கும் எளிய கேக், 160 டிகிரியில், மேல்கம்பியை அணைத்துவிட்டுக் கீழ்க்கம்பியை மட்டும் வைத்துச் சுட்டால் மேலே வெடிக்காமல் வருகிறது. இறுதியில் சில நிமிடம் மேல்கம்பியைப் போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட்டும் நன்றாக வருகிறது. பின்வரிசை மட்டும் முன்னதாகச் சிவந்துவிடுவதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

மின்செலவைப் பற்றி அஞ்சுபவர்கள், 1500 வாட் கருவி ஒரு மணி நேரம் நிற்காமல் எரிந்தால் ஒன்றரை யூனிட் ஆகும் என்பதையும், சூடேறிய பிறகு கம்பிகள் விட்டுவிட்டே எரிவதால் உண்மையான செலவு அதைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளலாம். வெளிப்புறத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்காமல் இயக்கக் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நேரக் குமிழைப் பத்து நிமிடத்துக்குக் குறைவாக வைக்கும்போது, முதலில் இருபதுக்கு மேல் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவந்தால்தான் மணி ஒழுங்காக அடிக்கிறது.

தனியாக வாழ்ந்து, பெரும்பாலும் வெளியே சாப்பிட்டு, காலையில் இரண்டு ரொட்டித் துண்டுகளை மட்டும் வாட்டிக்கொள்பவருக்கு ஒரு டோஸ்டரே போதும். மற்றவர்கள் 20 லிட்டருக்குக் குறைந்த ஓவன்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் மேல்கம்பி உணவுக்கு மிக அருகில் இருப்பதால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடுகிறது. மேல், கீழ்க் கம்பிகளைத் தனித்தனியாக இயக்கும் வசதி இருக்கிறதா, துகள் சேரும் அடித்தட்டு முன்பக்கமாக உருவும்படி இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.