உட்பிரிவு பட்டாவுக்கு இ-சேவை: நீலகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

குடும்பத் தேயிலைத் தோட்டத்தைப் பாகம் பிரித்த பிறகு, உட்பிரிவுடன் (ஒரே சர்வே எண்ணிலுள்ள நிலத்தை அளந்து தனித்தனி எண்களாகப் பிரித்து) பட்டா மாறுதல் கோரி நீலகிரியிலுள்ள ஓர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். மையத்தைக் குறை சொல்வதற்கில்லை. மையத்தின் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. கணினியில் இருந்த பெண், பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, சர்வே எண்ணை என்னிடம் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே ஒப்புகைச் சீட்டைத் தந்தார். ஹட்டிகள் எனப்படும் மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் முதியவர்களிடமும் அதே பொறுமையைக் காட்டினார்.

சிக்கல் அதன் பிறகுதான். விண்ணப்பம் சர்வேயரிடம் போய்ச் சேர்ந்ததும், அவர் என்றைக்கு அளக்க வருவார் என்பது அவர் கையில் இருக்கிறது. மழை, மூடுபனி, மண்சரிவு என்று மலையில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 'கவனித்தால்' வேலை சீக்கிரம் நடக்கும் என்று ஒரு புரோக்கர் நேராகவே சொன்னார். சிட்டாவையும் (நில உரிமைப் பதிவு) வில்லங்க விவரத்தையும் (சொத்தின் மீதான பத்திரப் பதிவுகள்) யார் தயவும் இல்லாமல் இணையத்தில் பார்க்க முடிகிறது. அங்கே லஞ்சத்துக்கு வழியே இல்லை. ஓர் அலுவலரின் மனம் இரங்கக் காத்திருக்கும் இடத்தில்தான் அது பிழைத்திருக்கிறது.

ஆனாலும் கீழ்நிலை ஊழியரின் பேராசை என்று இதைச் சுருக்குவது நியாயமன்று. தமிழகச் சட்டமன்ற வேட்பாளரின் தேர்தல் செலவுக்கு 2022 முதல் 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. ஓட்டுக்குப் பணம் கொடுத்து வென்றவர், போட்டதை ஒப்பந்தங்களிலும் பணியிட மாறுதல்களிலும் எடுக்கப் பார்க்கிறார். பணம் கட்டி இடம் வாங்கிய அலுவலர் அதை விண்ணப்பதாரரிடம் வசூலிக்கிறார். 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும், 2018-இல் மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கான தமிழ்நாடு லோக் ஆயுக்தா சட்டமும் வந்தன. இரண்டுமே தவறு நடந்த பின் விசாரிப்பவை. தேர்தல் பணத்தின் ஊற்றை அவை அடைப்பதில்லை. மத்தியப் பிரதேசம் 2010-இல் இயற்றிய சேவை உறுதிச் சட்டம், காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. நில அளவைக்கு இப்படியொரு கெடு இங்கே உடனடியாகத் தேவை.

விண்ணப்பிப்பவர்கள் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோப்பு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு உண்டு.