இடம் குறைந்த கணினியில் மினிடிவி டேப்புகள்: வின்டிவி மென்பொருள் பற்றிய மதிப்பீடு

வீடியோ கேமராவில் பதிந்த பழைய மினிடிவி (MiniDV) டிஜிட்டல் டேப்புகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களை முதலில் தயங்க வைப்பது ஹார்ட் டிஸ்க்கின் இடப்பற்றாக்குறைதான். இந்த டேப்பில் உள்ள காட்சியும் ஒலியும் நொடிக்கு ஏறத்தாழ 3.6 எம்பி என்ற கணக்கில் இறங்குவதால், ஒரு 60 நிமிட டேப்புக்கே 13 ஜிபி அளவுக்கு இடம் தேவைப்படுகிறது. இந்த நெருக்கடியைச் சமாளிக்க, வின்டிவி (WinDV) என்னும் இலவச விண்டோஸ் மென்பொருளைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை.

தோற்றத்தில் அதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லை; ஒரு சிறிய சாளரமும் சில பொத்தான்களும்தான். ஆனால் அதன் அமைப்புகளுக்குள் இருக்கும் இரண்டு வசதிகள் விலைமதிப்பற்றவை. ஒன்று, ஒரு கோப்பில் அதிகபட்சம் எத்தனை ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) இருக்கலாம் என்பதை நாமே நிர்ணயிக்கலாம். பால் (PAL) எனும் வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள் என்பதால், 15,000 என்று கொடுத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாக, ஒவ்வொன்றும் சுமார் 2.2 ஜிபி அளவில் பிரிந்து வரும். ஃபேட்32 (FAT32) என்னும் கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பழைய வெளிப்புற டிஸ்க்கில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது என்பதால், அங்கும் இது கைகொடுக்கிறது. மற்றொன்று, கேமரா நிறுத்தப்பட்டு மீண்டும் ஓடிய இடங்களை டேப்பில் பதிந்துள்ள தேதி, நேரத்தைக் கொண்டு கண்டறிந்து, அங்கே புதிய கோப்பைத் தொடங்கி, படம் எடுத்த நேரத்தையே அதன் பெயரில் சேர்த்துவிடுகிறது. கோப்பின் பெயரைப் பார்த்தே எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுக்க முடிவது, இடத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

வின்டிவி எதையும் சுருக்குவதில்லை. டேப்பில் உள்ளதை அப்படியே நகலெடுக்கிறது. இதைக் குறையாக நான் கருதவில்லை. இறக்கிய பகுதியை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264 என்னும் சுருக்க முறைக்கு மாற்றி, சராசரியாக நொடிக்கு 5 மெகாபிட் கொடுத்தால், ஒரு மணி நேரக் காட்சி சுமார் 2.3 ஜிபிக்குள் அடங்கிவிடும். அப்போது டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த வரிகளை முழுப் படமாக்கும்) வசதியை இயக்கத் தவறினால், அசையும் கைகளின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் நிரந்தரமாகத் தங்கிவிடும். மாற்றிய கோப்பை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே பெரிய கோப்பை அழித்து, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். டேப்பைச் சில நொடிகள் பின்னால் ஓட்டித் தொடங்கினால் இடையில் எதுவும் விடுபடாது. இறக்கும் வேலையையும் சுருக்கும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாதிருப்பது நல்லது. வேகம் குறைந்த கணினியில் ஃபிரேம்கள் தவறக்கூடும். தவறியவற்றின் எண்ணிக்கையைச் சாளரத்திலேயே பார்க்கலாம்.

கேமராவின் டிஜிட்டல் பதிவை அப்படியே கொண்டுவரும் ஃபயர்வயர் (FireWire) இணைப்பு கணினியில் இருந்தால்தான் இவையெல்லாம் சாத்தியம். ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் கொண்ட சாதாரணக் கேபிள்கள் இதற்குப் பயன்படாது என்பதால், அவற்றை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் வழியாக அனலாக் சிக்னலைப் பிடிக்கும் யுஎஸ்பி கருவி இடத்தை மிச்சப்படுத்துவது உண்மைதான். ஆயினும் டிஜிட்டல் பதிவை அனலாக்காக்கி, மீண்டும் டிஜிட்டலாக்கும்போது போகும் தெளிவு திரும்பி வராது. டிஜிட்டல்8 (Digital8) வகை டேப் கேமரா வைத்திருப்பவர்களும் வின்டிவியைப் பயன்படுத்தலாம். மெமரி கார்டில் பதியும் கேம்கார்டர்களுக்கு இது தேவையில்லை. அவற்றில் கோப்புகளை நேரடியாக நகலெடுத்தாலே போதும்.