திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று: வாரக் குளிசை, பெசரி, போரிக் அமிலம் – நீண்டநாள் பாவனையில் தெரிந்தவை

பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்றால் வெள்ளைபடுதலும் கடியும் (அரிப்பு) ஒரு தடவை வந்து, ஒரு குளிசையோடு போய்விட்டால் அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்குள் மூன்று, நான்கு தடவை திரும்பினால்தான் கதை வேறு. அந்தக் கட்டத்தில் இங்கே பெரும்பாலும் நடப்பது, முடிந்துபோன குளிசை அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாமசிக்குப் போய், வாய் திறக்காமல் அதை நீட்டி, அதே மருந்தைத் திரும்ப வாங்குவது. மருந்துக்குக் கேட்டு அடங்கிவிட்டுத் திரும்பி வருவதும், மருந்துக்கே கேட்காமல் நிற்பதும் இரண்டு வேறு வருத்தங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்ப்பதில்தான் வருடங்கள் போகின்றன.

முதல் குளிசைக்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று நாளில் கடி குறைந்து, ஒரு கிழமைக்குள் முழுக்கச் சுகமாகி, சில வாரங்கள் கழித்துத் திரும்பியதென்றால் அது அநேகமாக கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வழமையான பூஞ்சை இனம். மருந்து சரி, காலம் போதவில்லை. ஒரு நாளும் முழுக்கச் சுகம் வரவில்லை என்றால் இரண்டு வழிதான்: வேறு இனப் பூஞ்சை, அல்லது பூஞ்சையே இல்லை. இரண்டாவது நினைப்பதைவிட அதிகம். தங்களுக்கு வந்திருப்பது பூஞ்சைதான் என்று தாங்களே முடிவெடுத்து மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது.

ஆகவே அடுத்த மருந்துக்கு முன் சுவாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்க வேண்டும். கடியும் வெள்ளையும் இருக்கும் நாளில் எடுப்பது முக்கியம். பெசரி (யோனிக்குள் வைக்கும் குளிசை) வைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பூஞ்சை வளராமல் போய், றிப்போட் ஒன்றுமில்லை என்று வரலாம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மட்டும் போதாது. வளர்த்துப் பார்த்து, எந்த இனம், எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த இடத்தின் அமிலத்தன்மையையும் ஒரு தாளால் பார்ப்பார்கள். பூஞ்சையில் பி.எச். பெரும்பாலும் 4.5க்குக் கீழேயே நிற்கும். அதற்கு மேலே போய், மீன் மணமும் இருந்தால் அது பக்ரீரியாவின் வேலை. பூஞ்சைக் குளிசை எத்தனை போட்டாலும் பயனில்லை. இதெல்லாம் அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகலாம். பாலியல் நோய்க் கிளினிக் என்ற பெயரைக் கேட்டே பலர் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டாம், இந்த வருத்தத்தை நாளாந்தம் பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

அல்பிகன்ஸ் என்று வந்தால் வாரக் குளிசை முறை. புளுகொனசோல் 150 மி.கி. முதலாம், நான்காம், ஏழாம் நாட்களில் ஒவ்வொன்று. பிறகு கிழமைக்கு ஒன்று வீதம் ஆறு மாதம். ஒரு குளிசையின் பலன் அந்த இடத்தில் ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும், அதனால்தான் அந்த இடைவெளி. முதல் மூன்றையும் ஒழுங்காகப் போட்டுப் பூஞ்சையை அடக்காமல் வாரக் குளிசைக்குத் தாவினால் முறை ஆட்டம் காணும். நீண்ட பாவனையில் பிழைக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டாம், மூன்றாம் மாதத்தில் உடம்பு நல்ல சுகம், "இனி எதற்கு" என்று இரண்டு கிழமை விடுபடும். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை என்று நாளைக் குறித்து, கலண்டரில் குளிசையை ஒட்டி வைப்பது கைகொடுக்கிறது.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். 2004இல் வெளியான பெரிய ஆய்வில், வாரக் குளிசை போட்டவர்களில் 90.8 வீதத்தினர் ஆறு மாதம் முடியும்போது தொற்றில்லாமல் இருந்தார்கள்; மருந்தில்லாத வெறும் குளிசை போட்டவர்களில் 35.9 வீதம். குளிசையை நிறுத்தி மேலும் ஆறு மாதம் போனபின் அந்த 90.8 வீதம் 42.9க்கு இறங்கிவிட்டது. அதாவது இது அடக்கி வைக்கும் முறை, வேரோடு பிடுங்கும் முறை அல்ல. ஆறு மாதம் கடியில்லாமல் நித்திரை கொள்வது சின்ன விசயமும் இல்லை. பாதிப் பேருக்கு அது திரும்பும் என்று முதலே தெரிந்திருந்தால், திரும்பும்போது மனம் உடையாது.

வேறு குளிசை பாவிப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போடுபவருக்கு இரத்தம் அளவுக்கு மீறி இளகும். சலரோகத்துக்குக் கிளிபென்கிளமைட், ரொல்புரமைட் போடுபவருக்குச் சீனி திடீரென்று இறங்கலாம். கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வஸ்ரற்றின், வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் இரண்டும் இதோடு ஒத்துப்போகாதவை. ஈரல் வருத்தம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை.

குளிசை ஒத்துவராதவர்களுக்கு குளொட்ரிமசோல் 500 மி.கி. பெசரி, கிழமைக்கு ஒன்று. இரவு படுக்கும் முன், கையைக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, கருவியால் முடிந்தளவு உள்ளே வைக்க வேண்டும். உள்ளே ஈரம் குறைவென்றால் பெசரி கரையாது. வைக்கும் முன் ஒரு துளி தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். காலையில் உள்ளாடையில் சுண்ணாம்புத்தூள் மாதிரி வெள்ளைக் கட்டிகள் விழும். அது கரைந்த பெசரியின் மிச்சம். வருத்தம் கூடிவிட்டது என்று பயந்து அன்றே இன்னொன்று வைப்பவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லை. மாதவிடாய் நாட்களில் வைத்தால் மருந்து வெளியே போய்விடும். எண்ணெய்த் தன்மையுள்ள பெசரியும் கிறீமும் ஆணுறையின் இறப்பரைப் பலவீனமாக்கும்; கருத்தடைக்கு அதை நம்பியிருப்பவர்கள் கவனம். புண்ணாகிச் சிவந்திருக்கும் இடத்தில் முதல் இரவு எரியும். அடுத்த நாளும் அதே எரிவு கூடிக்கொண்டு போனால் மருந்தே ஒவ்வவில்லை, நிறுத்த வேண்டும்.

றிப்போட்டில் கிளப்ராற்றா என்ற வேறு இனம் வந்தால் மேலே சொன்ன குளிசைக்கு அது சரியாகக் கேட்காது. குரூசை என்ற இனம் என்றால் புளுகொனசோலுக்கு இயல்பிலேயே கேட்காது. இவற்றுக்குத்தான் போரிக் அமிலம்: 600 மி.கி. ஜெலற்றின் கப்சியூலில், இரவுக்கு ஒன்று, யோனிக்குள், மூன்று கிழமை. ஏறக்குறைய 70 வீதத்தினருக்குச் சுகம் கொடுக்கிறது. மெல்லிய எரிவும் தண்ணீர் போலக் கசிவும் வரும், ஒரு பாட் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். இந்த மருந்தில் கவனம் தப்பக்கூடாது. வாயால் போனால் நஞ்சு, உயிரே போகலாம். வழக்கமான குளிசை மாதிரியே இருப்பதால் வீட்டில் மற்றக் குளிசைகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாமல், மேலே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. கரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடரும் இதுவும் ஒன்றுதானே என்று கப்சியூலில் அடைக்க நினைக்காதீர்கள். அது மருந்துத் தரமும் இல்லை, கையால் அள்ளி அடைத்தால் 600 என்ற அளவும் வராது. டொக்டர் எழுதி, மருந்தாளர் நிறுத்துச் செய்து தர வேண்டியது.

அதிகம் கெடுதல் செய்வது கலப்புக் கிறீம்கள். பூஞ்சை மருந்தோடு பீற்றாமெதசோன் மாதிரி ஸ்ரீரொயிட்டும் அன்ரிபயோட்டிக்கும் சேர்ந்த சின்ன ரியூப். பூசின இரவே கடி நிற்கும், அதுதான் அதன் ஆபத்து. ஸ்ரீரொயிட் தோலை மெல்லியதாக்கும், பூஞ்சை உள்ளே இருந்துகொண்டே இருக்கும். வெளிக்கடிக்குக் குளொட்ரிமசோல் மட்டும் உள்ள 1 வீதக் கிறீமை மெல்லிசாக, நாளுக்கு இரு தடவை பூசினால் போதும்.

டெற்றோல் கலந்த தண்ணீர், வேப்பிலை அவித்த தண்ணீர், உப்புத்தண்ணீர், மணச் சவர்க்காரம் எல்லாம் எரிந்த தோலை இன்னும் எரிக்கும். உள்ளே ஊற்றிக் கழுவுவது வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலகுவில் கழுவுப்படாது; உள்ளாடையை இன்னொரு தண்ணீரில் அலசுங்கள். கிணற்றடியில் முழுகிவிட்டு ஈரக் குறுக்குக்கட்டோடு உடுப்புத் தோய்த்துக்கொண்டு நிற்காமல், உடனே துடைத்து மாற்றுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும். மாரியில் அது காயாமல் ஈரமாகவே போட வேண்டி வந்தால் ஒரு ஸ்திரிக்கை போட்டுவிட்டுப் போடலாம்.

நாற்பது தாண்டியவர்கள் சீனியைச் சோதிக்காமல் ஆறு மாதக் குளிசையைத் தொடங்குவதில் பொருளில்லை. வெறும் வயிற்றுச் சீனியோடு, கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி.யும் பாருங்கள். சலரோகத்துக்கே கொடுக்கும் எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. அந்தச் சீனியில் பூஞ்சை செழிக்கும். அவற்றைத் தொடங்கிய பிறகுதான் கடி வந்தது என்றால் கிளினிக்கில் தேதியோடு சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நின்ற, சலரோகம் இல்லாத அம்மாமாருக்குப் பூஞ்சை அரிது. வெள்ளைபடாமல் கடி மட்டும் இருந்து, தோல் வெளிறித் தெரிந்தால் அது தோல் வருத்தமாக இருக்கலாம்; பெசரி அதற்கு மருந்தல்ல. கூச்சத்தில் வருடக்கணக்காக மறைப்பவர்களும் அவர்கள்தான். மகளோ மருமகளோ கூட்டிக்கொண்டு போவது பெரிய உதவி.

சாப்பாடு பற்றி நிறையச் சொல்வார்கள். சூட்டால் வருவதல்ல இது. இளநீரும் வெந்தயமும் குடிக்கலாம், மருந்தாக எண்ண வேண்டாம். தயிர், உள்ளி எதையும் உள்ளே வைக்காதீர்கள். உள்ளி தோலைச் சுட்டுவிடும். கணவருக்குக் கடியோ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை.

கர்ப்பகாலத்தில் புளுகொனசோல் குளிசையைத் தவிர்த்து, ஏழு இரவு பெசரி அல்லது கிறீம் மட்டும். காய்ச்சல், அடிவயிற்று நோ, கொப்புளம், இரத்தம் இருந்தால் இதில் எந்த மருந்தையும் தொடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஆறு மாதம் முடிந்து சுகமாக இருந்தால் மறுபடி சுவாப் எடுக்க வேண்டாம்; எந்த வருத்தமும் இல்லாத பெண்களில் 10 முதல் 20 வீதம் வரையானோரிடம் கேண்டிடா சும்மா இருக்கும், அந்த றிப்போட்டைப் பார்த்து வீணாக மருந்து தொடங்க நேரும். கடி திரும்பினால் மட்டும், முதல் குளிசையைப் போடும் முன் சுவாப். அதே அல்பிகன்ஸ் என்றால் அதே முறையை டொக்டரிடம் கேட்டுத் திரும்பத் தொடங்கலாம். இனம் மாறியிருந்தால் பழைய அட்டையை எறிந்துவிடுங்கள்.